குத்துவிளக்கும் எத்தனாலும்

பிப்ரவரி 28 வந்துவிட்டால் நம் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறை வாசலில் வாழைமரம் கட்டிவிடுவார்கள். தேசிய அறிவியல் தினம். ‘தீப்பற்றும் திரவங்கள், நெருப்புக் கொண்டுவராதீர்’ என்று சிவப்பில் எழுதிய பலகைக்கு நாலடி தள்ளி ஆளுயரக் குத்துவிளக்கு நிற்கும். ஐந்து முகத்துக்கும் திரி போட்டு, திரி நுனியில் கற்பூரம் வைத்து, துணைவேந்தர் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுப்பார்கள். பின்னால் கண்ணாடி அலமாரியில் அசிட்டோனும் ஈதரும் எத்தனாலும் அடக்க ஒடுக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும். சுவரில் தொங்கும் தீயணைப்பான் காலாவதியாகிச் சில வருடங்கள் இருக்கும். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மட்டும் அதன் நெற்றியில் அழியாமல் இருக்கும். பாதுகாப்பு ஏற்பாடு என்றால் அதுதான்.

சிறப்பு விருந்தினர் பொன்னாடையை மடித்துப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு மைக்கைத் தட்டுவார். அடுத்து என்ன வரும் என்பது டீ கொண்டுவரும் அட்டெண்டருக்கே மனப்பாடம். ‘சர் சி.வி. ராமன் வெறும் 200 ரூபாய்க் கருவியில் நோபல் பரிசு வாங்கினார். உங்களுக்கு மட்டும் எதற்குக் கோடிக்கணக்கில்?’ அரங்கம் கைதட்டும். அந்த ஒரு நாள் கூத்துக்கான பூ, ஷீல்டு, ஃப்ளெக்ஸ், மதியச் சாப்பாடு எதுவும் 200 ரூபாய்க்குள் அடங்கவில்லையே என்று யாரும் எழுந்து கேட்கமாட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது சாப்பாட்டுக் கமிட்டி.

ராமன் கதையில் இந்த விருந்தினர்கள் தவறாமல் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. மனிதர் 1907இல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்தது அரசாங்க நிதித்துறையில், கணக்கு அதிகாரியாக. ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் கூடத்தில் போய்ச் சோதனை செய்தார். 1917இல் அந்தக் கணக்கு உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். 1928இல் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ஒளிச்சிதறலைக் கண்டார். ஆரம்பத்தில் அவர்கள் பயன்படுத்திய விளக்கு சூரியன். இன்றைக்கு என்றால் சூரிய ஒளிக்கு மூன்று கொட்டேஷன் கேட்டிருப்பார்கள். சூரியன் ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னால், வேறு யாரும் அந்தப் பொருளைத் தயாரிக்கவில்லை என்பதற்குத் துறைத்தலைவர் கையெழுத்துடன் ஒரு சான்றிதழ் இணைக்கச் சொல்லியிருப்பார்கள்.

கணக்குத் துறையை விட்டு வெளியே வந்த ஒருவர் இந்த நாட்டுக்கு நோபல் வாங்கித் தந்தார். அதற்கு நன்றிக்கடனாக, அறிவியல் படித்த அத்தனை பேரையும் பிடித்துக் கணக்குத் துறைக்குள் அடைத்துவிட்டோம்.

ஆய்வக நகைச்சுவை என்று உலகம் முழுக்க ஒரு சரக்கு உண்டு. டிஎன்ஏ ஜெல்லை ஓட்டும்போது சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிச் செருகி, மாதிரி அத்தனையும் பின்பக்கமாக ஓடித் தண்ணீரில் கரைந்து போவது. எடை சமன் பார்க்காமல் சென்ட்ரிஃபியூஜைப் போட, அது மேஜையை விட்டு நடக்க ஆரம்பிப்பது. மைக்ரோவேவில் அகர் பொங்கி வழிவது. ஐஸ் பெட்டியில் பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் யாரோ தயிர்சாதம் வைத்துவிட்டு, மதியம் எது எதுவென்று குழம்புவது. இதெல்லாம் நல்ல சிரிப்பு. தப்புச் செய்தவனே முதலில் சிரிப்பான். மறுநாள் காலை திரும்பச் செய்வான்.

நம் ஆய்வகங்களில் சிரிப்பு மூட்டுகிறவர்கள் வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு நொதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிற நொதி. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய குப்பி, விலை சில ஆயிரம். ஆராய்ச்சி மாணவனான ஸ்காலர் இண்டெண்ட் என்னும் கோரிக்கைப் படிவம் எழுதுவான். கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, ஒட்டிய உறையில் மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கமிட்டி, நிதி அலுவலர், பதிவாளர். மூன்று கொட்டேஷனும் மூன்று கம்பெனியிலிருந்து வரும். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். ஏனென்றால் மூன்றையும் அடித்தது ஒரே டீலரின் ஒரே கம்ப்யூட்டர். இது எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி போட்டி நடந்துவிட்டது, சட்டப்படி குறைந்த விலை வந்துவிட்டது, குறைந்த விலை சொன்ன எல்1 வென்றது. எல்1 என்பது நம் அறிவியலின் குலதெய்வம். பிபெட் முனையில் எல்1 என்றால், பிபெட்டில் மாட்டியதும் நழுவிக் கீழே விழும் முனை. ஸ்காலர் அதில் பாராஃபிலிமைச் சுற்றி இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைக்ரோலிட்டர் அளப்பான். மூச்சு விட்டால் ஆய்வு முடிவு மாறும்.

நான் அறிந்த ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். நொதி வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் இரண்டாவது சனி. தெர்மாகோல் பெட்டியில் உலர்பனிக்கட்டி நிரப்பி, ‘உடனே குளிரில் வைக்கவும்’ என்று நாலு பக்கமும் ஒட்டியிருந்தார்கள். ஸ்டோர்ஸ் பிரிவில் சரக்குப் பதிவேட்டில் ஏறாமல் ஒரு குண்டூசி உள்ளே போகாது. திங்கட்கிழமை காலை ஸ்காலர் போய் நின்றான். கிளார்க் பெட்டியைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

‘என்ன தம்பி, இம்மாம் பெரிய பெட்டிக்குள்ள இத்துனூண்டு குப்பிதான் இருக்கு? இதுக்கா இவ்ளோ காசு?’

‘சார், கூட உலர்பனிக்கட்டி இருந்திருக்கும். ஆவியாயிடுச்சு.’

‘ஆவியாயிடுச்சா? பில்லுல அதுக்கும் நூத்தம்பது ரூபா போட்டிருக்கான். பொருள் இல்லாம நான் எப்பிடி என்ட்ரி போடுறது? ஆடிட்ல எவன் பதில் சொல்றது?’

காற்றில் கலந்த கார்பன் டை ஆக்சைடை எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வழி தெரியாமல் அந்த மனிதர் உண்மையிலேயே தவித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அறிவியல் யாரும் சொல்லித் தரவில்லை. ஆடிட் மட்டும் சொல்லித் தந்திருக்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு அறிவியல் தெரியும். அவர்கள்தான் நாலு பக்கத்துக் கொள்முதல் படிவத்தை ஆறு பக்கமாக்கியவர்கள். கடைசியில் ‘போக்குவரத்தில் ஏற்பட்ட இயற்கை இழப்பு’ என்று ஸ்காலர் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க, பதங்கமாதல் அலுவலக ரீதியாக அங்கீகரிக்கப்பட்டது. நொதி செத்துப்போயிருந்தது. அதைப் பற்றி எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இந்த விதிகள் ஆய்வைக் கொல்கின்றன என்பது அரசாங்கத்துக்கே தெரியாததல்ல. 2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் கொஞ்சம் கயிற்றைத் தளர்த்தியது: கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம், அரசின் இணையச் சந்தையான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே கருவி வாங்க இயக்குநர்களுக்கே அதிகாரம். நல்லது. அதுவரை பல்லாண்டுகள் இதே விதிகளில் சிக்கி வீணான மாதங்களுக்கு எந்தக் கணக்கில் என்ட்ரி போடுவார்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை.

வரிக்கு வருவோம். 2022 ஜூலை வரை அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அந்த ஜூலையில் சலுகை பறிக்கப்பட்டு 18 ஆனது. அரசாங்கம் இடது பையிலிருந்து மானியம் கொடுத்து, அதில் ஒரு பங்கை வலது பையில் வரியாக வாங்கிக்கொள்கிறது. பிறகு ‘ஆய்வுக்கு இவ்வளவு ஒதுக்கினோம்’ என்று இடது பையை மட்டும் ஊருக்குக் காட்டுகிறது. நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதிலும் கமிஷன்.

இதாவது பரவாயில்லை என்று நினைக்கவைத்தது 2024. ஜூலை மாத பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருட்களின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் ஆனது. அச்சுப்பிழை என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். பிழை இல்லை. ஆய்வக ரசாயனம் என்ற பெயரில் சிலர் குடிக்க முடியாதபடி எதுவும் கலக்காத எத்தனாலை இறக்குமதி செய்யப் பார்த்தார்களாம். அதைத் தடுக்கத்தான் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். எங்கோ எவனோ ஆய்வக வழியில் சாராயம் கடத்தப் பார்த்தான் என்பதற்காகப் புற்றுநோய் ஆய்வு செய்கிறவளின் ரசாயனத்துக்கும் சாராய வரி. விஞ்ஞானிகள் கத்திய பிறகு, உண்மையான ஆய்வகப் பயனாளர்கள் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பழையபடி 10 சதவீதம் என்று சில நாட்களில் இறங்கி வந்தார்கள். உறுதிமொழியின் சாரம் இதுதான்: இதை நான் குடிக்கமாட்டேன்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. அதே 2024 ஆகஸ்டில் ஆராய்ச்சி மானியத்துக்கே ஜிஎஸ்டி கட்டவில்லை என்று கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் பறந்தது. டெல்லி ஐஐடிக்கு வந்த நோட்டீஸ் 120 கோடி ரூபாய்க்கு. ஆராய்ச்சி என்பது ‘சேவை’யாம், மானியம் அதற்கான ‘கட்டணமாம்’. செப்டம்பர் 9 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விலக்கு கொடுத்தது. இப்படி மாதத்துக்கு ஒரு கத்தியை வீசிவிட்டு, பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு நாம் நன்றி சொல்லிக் கைதட்ட வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகைக்கு ‘மாதாந்திர’ என்று அடைமொழி உண்டு. எந்த மாதம் என்று சொல்லியிருக்கிறார்களா? இல்லை. அங்கேதான் அரசாங்கத்தின் சாமர்த்தியம். ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 31,000 ரூபாயாக இருந்தது. ஸ்காலர்கள் தெருவில் இறங்கி, பதாகை பிடித்து, ட்விட்டரில் அழுத பிறகு 2023இல் 37,000 ஆனது. காகிதத்தில் ஆனது. கையில் வருவதற்கு, பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், அது பழைய வடிவத்தில் இருக்கிறது என்று திரும்பி வர வேண்டும், புது வடிவத்தில் போக வேண்டும், அதற்குள் நிதியாண்டு முடிய வேண்டும். மார்ச் மாதம் 25ஆம் தேதி மானியம் கணக்கில் விழும். 31ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் பறந்துவிடும். அந்த ஆறு நாளில் நம் ஆய்வகங்கள் நாட்டிலேயே மிகச் சுறுசுறுப்பான இடம். ஆய்வு நடக்கும் என்று நினைக்காதீர்கள். அலமாரி, பிரிண்டர், சுழல் நாற்காலி, வெள்ளைப் பலகை எல்லாம் வந்து இறங்கும். எது ஆறு நாளில் கிடைக்குமோ அதுதான் அந்த வருடத்தின் அறிவியல்.

விடுதி மொட்டைமாடியில் நின்று போன் பேசும் ஸ்காலரின் வயது முப்பதை நெருங்குகிறது. கூடப் படித்தவன் ஓஎம்ஆரில் ஃபிளாட் வாங்கிவிட்டான். மறுமுனையில் அம்மா.

‘ஏங்கண்ணு, இந்த மாசமாச்சும் சம்பளம் போட்டாங்களா?’

‘அடுத்த வாரம் வந்துரும்மா.’

‘போன மாசமும் அதேதான சொன்ன? உங்கப்பா கேட்டாரு, அது கெவர்மெண்டு வேலைதானான்னு.’

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கத்தில் வேறு எந்த ஊழியருக்காவது நாலு மாதம் சம்பளம் நிறுத்திப் பாருங்கள், அலுவலக வாசலில் கொடி பறக்கும். ஸ்காலருக்கு நிறுத்தலாம். அவன் ஊழியன் இல்லை, மாணவன். வேலை வாங்கும்போது மட்டும் ஊழியன்: இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுக்க, தேர்வுத்தாள் திருத்த, தர மதிப்பீடு செய்யும் நாக் கமிட்டி வரும்போது சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் பிடிக்க, கைடு வீட்டு கேஸ் சிலிண்டர் புக் செய்ய, கைடு மகளின் அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்து கொடுக்க. பேக்கிங் சோடாவும் வினிகரும் ஊற்றிச் செய்த அந்த எரிமலைக்கு முதல் பரிசு கிடைக்கும். ஸ்காலரின் ஐந்து வருட உழைப்பில் எதிர்பார்த்தபடி வேலை செய்த ஒரே சோதனை அதுவாகத்தான் இருக்கும்.

நள்ளிரவில் மின்தடை வரும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கும். நியூயார்க் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் 2020இல் இப்படிக் கத்திய ஃப்ரீசரின் சத்தம் தாங்காமல் துப்புரவு ஊழியர் ஒருவர் மின்சுற்றையே அணைத்துவிட்டார். இருபது வருட ஆய்வு மாதிரிகள் போயிற்று என்று சொல்லி, அந்தப் பல்கலைக்கழகம் துப்புரவு நிறுவனத்தின் மீது 10 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு 2023இல் வழக்குப் போட்டது. அங்கே மாதிரிக்கு ஒரு விலை இருக்கிறது, கோர்ட்டு வரை போகிறது. இங்கே ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் ஃபைல் நிதி அலுவலர் மேஜையில் இருக்கும். ஸ்காலர் லுங்கியோடு ஓடி, ஐஸ் பார் விற்கும் கடைக்காரரை எழுப்பி, சொந்தக் காசில் நாலு பார் வாங்கி வந்து போடுவான். காலையில் அவனுக்கு ஒரு மெமோ வரும்: அனுமதியின்றி இரவில் ஆய்வகம் திறந்தது ஏன்?

இத்தனைக்கும் நடுவே நம் அறிவியல் ஓஹோவென்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று கல்லூரி வாசலில் இருக்கிறது. இருபதடி ஃப்ளெக்ஸ். ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர்’ என்று கோட்டு சூட்டில் கைகட்டி நிற்கும் பேராசிரியர்; பக்கத்தில் கும்பிடும் தாளாளர், பேராசிரியரைவிடப் பெரிய அளவில். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு மேற்கோள் எண்ணிக்கைகளைக் கூட்டிக் கழித்து வருடாவருடம் வெளியிடும் பட்டியல் அது. ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொள்ளும் கூட்டாளிகள் பத்துப் பேர் இருந்தால் மேற்கோள் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளலாம் என்பது கல்லூரிகளுக்கு நன்றாகத் தெரியும். ‘நீ என் கட்டுரையைக் காட்டு, நான் உன் கட்டுரையைக் காட்டுகிறேன்.’ மொய் எழுதும் ஊர் இது. எழுதிய மொய் திரும்பி வராமல் போகுமா?

கட்டுரை போடுவதும் கஷ்டமில்லை. என்னை உங்கள் அஞ்சல் பட்டியலிலிருந்து தூக்குங்கள் என்று ஒரே வாக்கியத்தை, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு, பத்துப் பக்கம் திரும்பத் திரும்ப அடித்த ஒரு ‘கட்டுரை’யைச் சர்வதேசம் என்று பெயரில் வைத்துக்கொண்ட ஒரு கணினி இதழ் 2014இல் ‘மிகச் சிறப்பு’ என்று மதிப்பிட்டு ஏற்றது. 150 டாலர் கட்டச் சொன்னது. உலகம் சிரித்தது. நாம் சிரிக்க முடியாது. ஏனென்றால் பல்கலைக்கழக மானியக் குழுவான நம் யுஜிசி தானே அங்கீகரித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018இல் ஒரே அடியாக 4,305 இதழ்களை நீக்கியது. அந்த இதழ்களில் கட்டுரை போட்டுப் பதவி உயர்வு வாங்கியவர்களை நீக்கவில்லை. அவர்களில் சிலர் இன்று தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, ‘உங்கள் வெளியீடுகளின் தரம் போதாது’ என்று சின்னப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவா அன்றைக்கு மதியச் சாப்பாடு ஸ்காலர் செலவு. விதியில் கிடையாது, விதியை விட உறுதியானது. வெளியூர்த் தேர்வாளருக்கு ஏசி அறை, கார், துறை முழுக்கச் சிக்கன் பிரியாணி, சைவத்துக்கு முப்பது இலை, வந்தவர்களுக்கு முந்திரி பக்கோடாவும் பாதாம் பாலும். உதவித்தொகை நிலுவையில் இருக்கும்போது அவன் அக்கா நகையை அடகு வைத்து நடத்தும் விருந்து அது. பிரியாணியில் பீஸ் சிறியது என்றால் கேள்வி பெரியதாக வரும். சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டே தேர்வாளர் சொல்வார், ‘ஆய்வு நேர்மை ரொம்ப முக்கியம் தம்பி.’

அறிவியல் மாநாட்டுக்குச் சர்க்கஸ் என்று பெயர் வைத்தது நானல்ல. சிதம்பரத்தில் பிறந்து வேதியியல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன், இந்திய அறிவியல் மாநாட்டுக்கு ஒருநாள் போய்விட்டு வந்து 2016இல் அப்படிச் சொன்னார், இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றும் சொன்னார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய அதே மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எழுந்து, கௌரவர்கள் நூறு பேரும் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்றார். ராவணனிடம் 24 வகை விமானங்கள் இருந்தன என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் தன் பங்குக்கு, நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தப்பு, ஈர்ப்பலைகளுக்குப் பிரதமர் பெயர் வைக்க வேண்டும், ஈர்ப்பு வில்லை விளைவுக்கு அன்றைய அறிவியல் அமைச்சர் பெயர் வைக்க வேண்டும் என்றார். அந்த மேடைக்கு அவர் எத்தனை கொட்டேஷன் கொடுத்தார்? எந்தக் கமிட்டி ஒப்பிட்டுப் பார்த்தது?

இப்போது அந்த மாநாடு நின்றுபோயிருக்கிறது. வெட்கப்பட்டு நிறுத்தினார்கள் என்று எண்ண வேண்டாம். நிதி முறைகேடு என்று காரணம் சொல்லி 2023இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை பணத்தை நிறுத்தியது; நடத்திய சங்கம் அதை மறுத்தது. கௌரவர்கள் தப்பித்தார்கள். மாட்டிக்கொண்டது கணக்கு.

பணத்தை நிறுத்திய அதே துறைதான் 2020இல் நாட்டு மாட்டின் பால், சாணம், கோமியம் ஆகியவற்றின் மகிமையை ஆராயத் திட்டம் அறிவித்து விண்ணப்பம் கேட்டது. புற்றுநோய், சர்க்கரை என்று நோய்ப் பட்டியலே கொடுத்திருந்தது. முடிவை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுச் சான்று தேடச் சொல்வது ஆய்வாகாது என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். மாட்டின் மேல் யாருக்கும் பகையில்லை. ஸ்காலரின் உதவித்தொகை நாலு மாதம் நிற்கும் நாட்டில், சாணத்துக்கு மட்டும் ஃபைல் துள்ளி ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இக் நோபல் பரிசை நினைத்துப் பார்க்கிறேன். 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய பரிசு அது, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு. 2002இல் அதன் கணிதப் பரிசு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீகுமார், நிர்மலன் இருவருக்கும் கிடைத்தது. இந்திய யானையின் மொத்தத் தோல்பரப்பு எவ்வளவு என்று கணக்கிட ஒரு சூத்திரம் கண்டிருந்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். யானையின் பக்கத்தில் போய் நின்று, காது, கால், தும்பிக்கை என்று நாடா பிடித்து அளந்து, எளிதில் எடுக்கக்கூடிய சில அளவுகளை மட்டும் வைத்து மொத்தப் பரப்பைச் சொல்லும் சமன்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அது உடல் வெப்பத்தைப் புரிந்துகொள்ளவும் பயன்படும் வேலை. யானை எந்தக் கட்சியையும் சேர்ந்ததில்லை, அளவு சரியா தப்பா என்று யார் வேண்டுமானாலும் போய் அளந்து பார்க்கலாம். நம் நாட்டு அறிவியலில் சிரிப்புக்கு உரியது என்று உலகம் பரிசு கொடுத்தது இந்த நேர்மையான வேலைக்கு. உண்மையிலேயே சிரிப்புக்கு உரியவற்றுக்கு நாம் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம்.

முன்னால் சொன்ன அந்தப் பல்கலைக்கழகத்தில், செத்த நொதியின் கதை அதோடு முடியவில்லை. ஸ்காலர் வேறொரு ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் நொதி கடன் வாங்கிச் சோதனையை முடித்தான். கைடு எதிர்பார்த்த விளைவு வரவில்லை. மூன்று முறை செய்தும் வரவில்லை. அவன் சோதித்த மூலிகைச் சாறு கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் உண்மை, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். பையன் நேர்மையாகத் திட்ட அறிக்கையில் ‘விளைவு ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதினான்.

அடுத்த மாதம் தணிக்கைக் குழு வந்தது. மின்விசிறிக்குக் கீழே நாலு பேர், ஒரு தட்டு மிக்சர், ஒரு அடுக்கு ஃபைல். ஆட்சேபக் குறிப்பு எண் போட்டு எழுதினார்கள்: திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை முழுவதும் செலவிடப்பட்டும் விளைவு ஏதும் இல்லை என்று ஆய்வாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார், எனவே இது பயனற்ற செலவினம், தொகையைச் சம்பந்தப்பட்டவரிடமிருந்து ஏன் வசூலிக்கக் கூடாது?

கைடு பையனை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அனுபவஸ்தர்.

‘ஒரே ஒரு வார்த்தைய மாத்துப்பா. இல்லன்னா ரெண்டு பேரும் கையிலேர்ந்து கட்டணும்.’

பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ‘காணப்படவில்லை’ என்பது ‘காணப்பட்டது’ ஆனது. அதற்குத் தகுந்தபடி ஒரு வரைபடமும் சேர்ந்தது. தணிக்கைக் குழு ஆட்சேபத்தை நீக்கி முத்திரை குத்தியது. அந்த வரைபடம் கட்டுரையாகி, கட்டுரை மேற்கோளாகி, கைடு இந்த வருட 2 சதவீதப் பட்டியலில் வந்திருக்கிறார். வாசல் ஃப்ளெக்ஸுக்கான பில், எல்1 விலையில், ஒரே நாளில் பாஸ் ஆனது.